யார் மடியில் இறங்குகிறது ஆபத்து?

பாதுகாப்பு என்ற சொல்லைச் சந்தேகத்தோடு கேட்கப் பழகியவர்கள் நாம். பாதுகாப்புக்காகத்தான் பெண்கள் விடுதியின் கதவு ஆறு மணிக்கே பூட்டப்பட்டது. பாதுகாப்புக்காகத்தான் வெளியூர்க் கல்லூரியில் கிடைத்த இடம் வேண்டாம் என்று முடிவானது. இரவு ஷிப்ட் கூடாது, தனியாகப் பேருந்து ஏறக் கூடாது, மொட்டை மாடியில் நின்று பேசக் கூடாது என்று எத்தனையோ கூடாதுகள் அந்த ஒரு சொல்லின் முதுகில் ஏறி நம் வீட்டுக்குள் வந்தன. யாரேனும் ‘உன் பாதுகாப்புக்காகத்தான்’ என்று தொடங்கினால், இதில் யாருடைய வசதி ஒளிந்திருக்கிறது என்று உடனே தேடுகிறோம். அந்தத் தேடல் நமக்குச் சும்மா வந்ததல்ல.

ஆனால் நாள் முழுவதும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பதே என் வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு சிறிய காப்பகத்தில் ஒன்பது ஆண்டுகளாக நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். ஆறு மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை 22 பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள மூன்று பெண்கள். கேட்டை யார் திறக்கலாம், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, சமையலறைக்குள் யார் வரக் கூடாது, மாலையில் பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது நான்தான். சந்தேகத்தோடு கேட்ட சொல்லை நானே உத்தரவாகச் சொல்லும் நிலைமை. அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவக் கேள்வியாக இல்லை: நல்ல பாதுகாப்பையும் அதிகாரத்தின் வேடமாக வரும் பாதுகாப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பிடிபட்ட விடை ஒன்றுதான். ஆபத்தை நாம் நினைப்பதுபோல எளிதில் ஒழித்துவிடுவதில்லை. பெரும்பாலும் அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறோம். பிள்ளையிடமிருந்து பணியாளரிடம், காப்பகத்திலிருந்து தாயிடம், முதலாளியிடமிருந்து ஆயாம்மாவிடம். ஒரு விதி சரியா தவறா என்று பார்க்க, அது எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்று கேட்டால் பாதிதான் கேட்டதாகும். தடுக்கப்பட்ட ஆபத்து அடுத்து யார் மடியில் இறங்குகிறது என்பதே மீதிப் பாதி.

முதலில் ஆபத்துகளைப் பார்த்துவிடுவோம். காப்பகம் என்றதும் கடத்தல்காரர்களையும் தீ விபத்தையும் மனம் நினைத்துக்கொள்கிறது. அன்றாட ஆபத்துகள் இதைவிடச் சாதுவான முகத்தோடு இருக்கின்றன. கால் வாளித் தண்ணீர் போதும்; நடை பழகும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தலையின் கனத்தில் தானாக நிமிர முடியாது. சத்தமும் வராது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில், பிள்ளையின் கண்ணுக்குக் குளிர்பானம்தான். வேர்க்கடலை, திராட்சை, ஒரு ரூபாய்க் காசு, பொம்மையிலிருந்து கழன்று விழும் பொத்தான் பேட்டரி எல்லாமே தொண்டைக்கு எதிரிகள். இறக்கி வைத்த சாம்பார்ப் பாத்திரம், கதவிடுக்கு, சுவிட்ச் பெட்டியிலிருந்து தொங்கும் ஒயர் என்று பட்டியல் நீளும்.

தூளியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளியில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கும் கைக்குழந்தைகள் எங்களிடம் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மருத்துவர்கள் சமதளத்தில், மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, காலியாகத் தொங்கும் தூளியில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவது. துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. தூளியே கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் தூங்காமல் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பணியாளர் ஒரு மணி நேரம் நடந்தால், அந்த ஒரு மணி நேரம் மற்ற ஆறு பிள்ளைகளின் மேல் கண் இருக்காது. கடைசியில் எங்கள் பணியாளர்களே ஒரு வழி வைத்தார்கள்: தூளிக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், கண் அசந்ததும் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும், அதே கையோடு சேலையை அவிழ்த்து மேலே சுருட்டிவிட வேண்டும். எந்தக் கையேட்டையும் பார்த்து அவர்கள் இதைச் செய்யவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்த அனுபவமும், பயிற்சியில் கேட்டதும், அந்த அறையின் அளவும் அவர்கள் மனதில் ஒன்றுசேர்ந்து வந்த தீர்ப்பு அது.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், இந்த அறிவுக்குச் சந்தையில் ‘திறன்’ என்ற பெயர் கிடையாது. ஒரு நொடியில் அறையைப் பார்வையால் அளந்து, எது எங்கே தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் ஒருவரை ஆலையில் பாதுகாப்பு அதிகாரி என்பார்கள். காப்பகத்தில் அவர் பெயர் ஆயாம்மா. பெண்களுக்கு இது இயல்பாகவே வரும் என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. இயல்பாக வருவதற்குப் பாராட்டு போதும் என்று உலகம் நினைக்கிறது. சாரா ரடிக் 1989இல் எழுதிய ‘மெட்டர்னல் திங்கிங்’ நூலில், பிள்ளையை உயிரோடு காப்பது என்ற அன்றாட வேலைக்குள் ஒரு முழுமையான சிந்தனை முறை இருக்கிறது என்று வாதிட்டார். கேட்க எளிமையான வாதம்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் சம்பளப் பட்டியலையே திருத்த வேண்டியிருக்கும்.

இப்போது காய்ச்சலுக்கு வருவோம்.

காய்ச்சல் உள்ள பிள்ளையைக் காப்பகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது எல்லா இடத்திலும் உள்ள விதி, எங்களிடமும் உண்டு. 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் தாய்க்குப் போன் போகும். வயிற்றுப்போக்கு, கைகால்வாய் நோய், அம்மை என்றாலும் அப்படியே. விதி நியாயமானது. ஒரே பாயில் உருண்டு, ஒரே பொம்மையைக் கடித்து விளையாடும் பிள்ளைகளிடையே தொற்று ஒரு வாரத்தில் எல்லாரையும் சுற்றிவிடும். அதிலும் ஆறு மாதக் குழந்தைக்கு வந்தால் ஆபத்து இரட்டிப்பு.

ஆனால் அந்தப் போன் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு பெண் மதியம் இரண்டு மணிக்கு எழுந்து வந்தால் அன்றைய மீதிக் கூலி போச்சு. ஏற்றுமதி ஆர்டர் முடிக்க வேண்டிய வாரமாக இருந்தால், நாளைக்கு வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிடலாம். ஒடிசாவிலிருந்து வந்து, லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருக்கும் பெண்ணுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியாரும் கிடையாது, அம்மாவும் கிடையாது. இந்த நெருக்கடியில் சில தாய்மார்கள் காலையில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறார்கள். மருந்தின் வேகத்தில் பத்து மணி வரை பிள்ளை ஓடியாடும். பதினோரு மணிக்குச் சுருண்டு படுக்கும். காலையில் மருந்து கொடுத்தது எங்களுக்குத் தெரியாது என்பதால், நாங்கள் இன்னொரு முறை கொடுத்துவிடும் அபாயமும் உண்டு. பிள்ளையின் எடையைப் பார்த்து அளந்து, மணிக்கணக்கு இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

இந்தத் தாயைப் பொறுப்பற்றவள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. கூலியோடு கூடிய விடுப்பு இல்லாத ஓர் ஊரில் காய்ச்சல் விதி எழுதுகிறோம். அந்த விதி, தொற்றின் ஆபத்தை 21 பிள்ளைகளிடமிருந்து எடுத்து ஒரு பெண்ணின் அடுப்பின் மேல் வைக்கிறது. அவள் அதைத் திரும்ப எங்கள் மேல் நகர்த்துகிறாள், பொய் என்ற வழியில். பொய் சொல்லாதே என்று அவளுக்கு உபதேசம் செய்வதால் எதுவும் மாறாது. பொய் சொன்னால்தான் பிழைக்கலாம் என்ற நிலையை மாற்றினால்தான் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள். நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, காலையில் மருந்து கொடுத்திருந்தால் சொல்லுங்கள், சொன்னதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். இரண்டு, முன்னறையை ஒரு தட்டி வைத்துப் பிரித்து, லேசான காய்ச்சல் உள்ள பிள்ளையைத் தாய் வரும்வரை தனியாக வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். பிள்ளை சோர்ந்துபோனாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருப்பது கிடையாது, 108க்கு அழைப்போம். இந்த ஏற்பாடு தொற்றை முழுதாகத் தடுக்காது. ஆனால் உண்மை பேச இடம் கொடுத்தது. உண்மை தெரியாத காப்பகத்தில் எந்த விதியும் காகிதம்தான்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகள். தீப்பிடித்தால் ஒரே நேரத்தில் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவளால் ஓட முடியும். மூன்றாவது குழந்தையை அவள் உள்ளே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். ஒரு பணியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கை நிர்வாகக் கூட்டங்களில் செலவுக் கணக்காகப் பேசுவார்கள். உண்மையில் அது ஒரு தார்மீகக் கூற்று. எந்தப் பிள்ளையை இரண்டாவது நடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்து கையெழுத்துப் போடுகிறோம்.

2004 ஜூலை 16 தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி, மாடியில் இருந்த ஓலைக் கூரை வகுப்புகளை எரித்தது. 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். குறுகலான படிக்கட்டு, ஓலைக் கூரை, ஒரே கட்டடத்தில் அடைக்கப்பட்ட பல வகுப்புகள், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கப்பட்ட அனுமதிகள் என்று காரணங்கள் ஒவ்வொன்றும் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே காத்திருந்தன. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. நிறுவனரும் அதிகாரிகளும் இருந்த அதே பட்டியலில் மதிய உணவு அமைப்பாளராகவும் சமையலராகவும் இருந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

அந்தப் பெண்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அடுப்பை மூட்டியவருக்கு அடுப்பின் மேல் பொறுப்பு உண்டு. ஆனால் அடுப்புக்கு மேலே ஓலை வேய்ந்தது அவர் முடிவல்ல. படிக்கட்டின் அகலத்தை நிர்ணயித்தது அவரல்ல. ஆபத்தை உண்டாக்கும் முடிவுகள் மேலே எடுக்கப்படுகின்றன. ஆபத்தைக் கையால் தொடும் வேலை கீழே இருக்கிறது. விபத்து நடந்தால் எல்லார் பார்வையும் கைகளின் மேல்தான் விழும். ஜோன் ட்ரொன்டோ என்ற அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் 1993இல் வெளிவந்த தம் நூலில், பராமரிப்பு வேலையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு அந்த வேலை இருப்பதையே காணாமல் இருக்கக் கிடைக்கும் சலுகையைப் பற்றிப் பேசுகிறார். பொறுப்பில்லாமல் இருப்பதே ஒரு சலுகை என்பது அவர் வாதம். காப்பகங்களின் பாதுகாப்புப் பதிவேடுகளைப் புரட்டும்போது எனக்கு அந்த வாதம்தான் நினைவுக்கு வரும். ‘பணியாளர் கவனித்தாரா?’ என்று நூறு கட்டங்கள் இருக்கும். ‘இரண்டாவது பணியாளரை நியமிக்க மறுத்தது யார்?’ என்று ஒரு கட்டம்கூட இருக்காது.

கேமராவும் இதே கதைதான். இப்போது பெற்றோர் முதலில் கேட்பது, ‘சிசிடிவி இருக்கா?’ என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. பேசத் தெரியாத பிள்ளையைப் பகல் முழுக்க வேறொருவர் கையில் விட்டுவிட்டுப் போகும் தாய்க்கு ஒரு பிடிமானம் வேண்டும். பிள்ளையை அடித்ததோ, அதைவிட மோசமானதோ நடந்தால் சாட்சியாக நிற்பது அந்தப் படம்தான். ஆனால் கேமரா வாளியிலிருந்து பிள்ளையைத் தூக்காது. திருகாணியைத் தொண்டையிலிருந்து எடுக்காது. மாதம் ஒரு பணியாளரின் சம்பளத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கேமரா மாட்டிவிட்டுப் பாதுகாப்பை உயர்த்திவிட்டோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களை எனக்குத் தெரியும். அங்கே குறைந்தது பாதுகாப்பு, கூடியது கண்காணிப்பு. அதுவும் ஒரு திசையில் மட்டும். எட்டு மணி நேரம் உட்காராமல் வேலை செய்யும் பெண் ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்தால் அது பதிவாகிறது. அவளுக்கு மதிய இடைவேளையே தராத முடிவு எந்தக் கேமராவிலும் பதிவாவதில்லை.

பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆண்களை வேலைக்கு வைப்பதில்லை, அதனால் பத்திரம் என்று பல காப்பகங்கள் சொல்கின்றன. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்ற பழைய பாடத்துக்குப் பாதுகாப்பு என்ற புது அட்டை போடுகிறோம். இரண்டு, ஆபத்து ஒரு பாலினத்தின் முகத்தில் மட்டும் வரும் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்கிறோம். பெரியவர் யாராக இருந்தாலும் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இதைவிட நேர்மையானது. உடை மாற்றுவதும் கால் கழுவிவிடுவதும் இன்னொருவர் கண்பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மூடி மறைக்கக் கூடாது; 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் புகார் செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, செய்யாமல் இருப்பதே குற்றம். ஆனால் கவனியுங்கள், இன்னொருவர் கண் வேண்டுமென்றால் இன்னொருவர் வேண்டும். திரும்பவும் அந்த இரண்டாவது பணியாளரிடமே வந்து நிற்கிறோம்.

எல்லாவற்றிலும் கடினமானது கேட். மாலையில் பிள்ளையை யாரிடம் கொடுப்பது?

எங்கள் பதிவேட்டில் தாய் எழுதிக்கொடுத்த பெயர்களுக்கு மட்டும்தான் கொடுப்போம். ஒரு முறை ஒரு தாய், தன் கணவரின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றார். கையில் காயம் இருந்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒன்றரை ஷிப்டில் அவர் கம்பெனியில் இருந்த நேரம், கணவர் வந்து கேட்டைத் தட்டினார். “எம் பையனக் கூட்டிட்டுப் போறதுக்கு நீ யாரு தடுக்க?” கேட்டுக்கு உள்ளே இருந்தது எங்கள் மூத்த பணியாளர். “கோவிச்சுக்காதீங்கண்ணா, அம்மிணிக்குப் போன் பண்ணியிருக்கோம், வந்துரட்டுமுங்க” என்று திரும்பத் திரும்ப அதே குரலில் சொன்னார். கேட்டைத் திறக்கவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அரை மணி நேரத்தில் அவர் போய்விட்டார்.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது? 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகவும் அவருக்குப் பிறகே தாயையும் சொல்கிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், ‘பிறகு’ என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் சேர்த்தே கொள்ள வேண்டும் என்று விளக்கியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடும் உத்தரவை மாஜிஸ்திரேட்டிடம் பெறலாம். ஆனால் மாலை ஆறரை மணிக்குக் கேட்டில் நிற்கும் பெண்ணின் கையில் எந்த உத்தரவும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு பதிவேடும், ஒரு பூட்டும், ஒரு தாயின் வார்த்தையும்தான்.

அந்தக் கேட்டைப் பூட்டி வைத்ததும் விடுதிக் கதவைப் பூட்டியதும் ஒன்றா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பூட்டுதான். வித்தியாசம் எங்கே என்றால், விடுதிப் பூட்டு ஆபத்துக்குள்ளாகக் கூடியவரையே அடைத்தது, அவரைக் கேட்காமலேயே அடைத்தது. எங்கள் பூட்டு ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டுப் போட்ட பூட்டு. அவர் சொன்னால் திறக்கும். அந்தத் தாய் பிறகு கணவரோடு சேர்ந்து வாழ முடிவு செய்து, பதிவேட்டில் அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பணியாளர்களுக்கு மனசே இல்லை. உதவி எண்கள் 181, 1098 இரண்டையும் அவர் கையில் எழுதிக் கொடுத்தோம், பிள்ளையின் உடம்பில் ஏதாவது கண்டால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம் என்றும் வெளிப்படையாகச் சொன்னோம், பெயரைச் சேர்த்தோம். பாதுகாப்பின் பேரில் அவர் முடிவை நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், பூட்டு வேறு பூட்டாக மாறியிருக்கும்.

ஆனால் இந்தக் கதையில் ஒருவரை நாம் சுலபமாக மறந்துவிடுவோம். அந்த அரை மணி நேரம் கம்பிக்கு உள்ளே நின்ற பணியாளர். பிள்ளைக்கும் தாய்க்கும் வரவேண்டிய ஆபத்து அவர் மேல் இறங்கியிருந்தது. இரவு அவர் அதே தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குக் காப்பீடு உண்டா, துணைக்கு ஆள் உண்டா, மறுநாள் ‘வர முடியாது’ என்றால் சம்பளம் உண்டா என்பவை பாதுகாப்பு விதிகளின் கடைசிப் பக்கத்தில்கூட வருவதில்லை. இப்போது எங்களிடம் அந்த மாதிரி மாலைகளில் இரண்டு பேர் சேர்ந்துதான் கேட்டுக்குப் போவார்கள், இரண்டு பேரையும் ஆட்டோவில் அனுப்புவோம். சின்ன ஏற்பாடுதான். ஆனால் பணியாளரின் உடம்பும் பத்திரப்படுத்த வேண்டிய உடம்பு என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘சமூகம் திருந்தும் வரை பிள்ளை காத்திருக்குமா? கூலி குறைவு என்பதற்காக ஒரு பணியாளர் கண் அசரலாமா?’ என்று கேட்பீர்கள். காத்திருக்காது, கண் அசரவும் கூடாது. பிள்ளைக்கு அரசியல் தெரியாது; வாளித் தண்ணீருக்கும் தெரியாது. அநியாயமான கூலிக்கு வேலை செய்பவருக்கும் அந்த நிமிடம் அந்தப் பிள்ளையின் மேல் முழுப் பொறுப்பு உண்டு என்பதை எங்கள் பணியாளர்கள் யாரும் மறுத்ததில்லை. அவர்களுடைய இந்த நேர்மைதான் அவர்களைச் சுரண்டுவதை இவ்வளவு எளிதாக்குகிறது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு மனம் வராது என்று எல்லாருக்கும் தெரியும். அங்கன்வாடிகளைப் பாருங்கள். 1975இல் தொடங்கிய திட்டம். அதில் உழைப்பவர்களுக்குக் கிடைப்பது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். 2018இல் உயர்த்தப்பட்ட பிறகும் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் கூடுதலாகக் கொடுப்பது தனி. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று சொல்ல 2022 வரை, அதுவும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ‘மதிப்பு’ என்ற சொல்லை ஒட்டவைத்து ஊதியத்தைக் குறைக்கும் வித்தையை நம் மொழியிலேயே செய்து வைத்திருக்கிறோம்.

சட்டம் காப்பகத்தை யாருடைய தேவையாக எண்ணுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. பெண்களை எண்ணியதால், பிள்ளை பெண்ணுடையது என்று ஆனது. பெண்களை 30 பேரோடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்கு ஒரு காரணமும் கிடைத்தது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், ஆணோ பெண்ணோ ஐம்பது ஊழியர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று எண்ணும் முறையை மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் நாளைக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கும் உரிமையைப் பெண்ணுக்குத்தான் கொடுத்தது. தகப்பனைப் பற்றிப் பேச்சே இல்லை. காய்ச்சல் என்றால் யாருக்குப் போன் போக வேண்டும் என்பதைச் சட்டமும் முடிவு செய்துவிட்டதுபோல இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் இப்போது இரண்டு எண்கள் கேட்கிறோம்; தகப்பன் ஊரில் இருந்தால் ஒரு முறை அவருக்கு, மறுமுறை தாய்க்கு. தகப்பன்மார்களில் சிலர் வருகிறார்கள். கம்பெனியில் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். கேலி வந்தாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை.

1969இல் டெல்லியில் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை செய்த பெண்களின் பிள்ளைகளுக்காக மீரா மகாதேவன் தொடங்கியதுதான் ‘மொபைல் கிரஷஸ்’. மண்ணும் கல்லும் இருக்கும் இடத்துக்கே காப்பகம் போனது. ஆபத்தான இடத்தில் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டுத் தாயை வீட்டுக்கு அனுப்புவது ஒரு வழி. தாய் இருக்கும் இடத்திலேயே பிள்ளைக்கு ஒரு நிழல் அமைப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் பெயர் பாதுகாப்புதான். முதல் வழியில் விலை கொடுப்பவள் அவள் மட்டும். இரண்டாவதில் விலை பங்கிடப்படுகிறது.

ஆபத்தே இல்லாத பிள்ளைப் பருவம் என்று ஒன்று இல்லை. இருக்கவும் வேண்டாம். எங்கள் முற்றத்தில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. நான்கு வயதுப் பெண் பிள்ளைகளும் அதன் தாழ்ந்த கிளையில் ஏறுகிறார்கள். கீழே மணல் கொட்டி, ஒருவர் பக்கத்தில் நிற்கிறோம். முட்டியில் சிராய்ப்பு வந்தால் கழுவி, எழுதி, மாலையில் தாயிடம் சொல்லிவிடுகிறோம். பெண் பிள்ளை விழுந்துவிடுவாள் என்று இறக்கிவிட்டால், விழும் ஆபத்தை எடுத்துவிட்டு வாழ்நாள் பயத்தைக் கொடுத்ததாகும்.

ஆகவே இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நாளை உங்கள் விடுதியிலோ, அலுவலகத்திலோ, உங்கள் பிள்ளையின் காப்பகத்திலோ ஒரு பாதுகாப்பு விதியை நீட்டினால், கிழித்தும் போட வேண்டாம், கும்பிட்டும் ஏற்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இதை எழுதும்போது, இதற்குக் கட்டுப்பட வேண்டியவரைக் கேட்டார்களா? இதைக் கடைப்பிடிக்க ஆகும் நேரத்தையும் கூலியையும் யார் கொடுக்கிறார்கள்? இது தவறிப்போனால் முதலில் யார் பெயர் எழுதப்படும்? மூன்றுக்கும் விடை ஒரே பெண்ணாக இருந்தால், அந்த விதி யாரையும் காக்கவில்லை. ஆபத்தை அவள் மடியில் இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.